பனிக்கோளம்

பனிக்கோளம் என்பது நீர் நிரப்பி அடைத்த கண்ணாடிக் கோளத்துக்குள் ஒரு சிற்றுருவத்தையும் வெண்துகள்களையும் வைத்துச் செய்யும் அலங்காரப் பொருள். கோளத்தைக் கவிழ்த்து நிமிர்த்தினால், அடியில் தங்கிய துகள்கள் மேலெழுந்து, உள்ளேயிருக்கும் தேவாலயத்தின் மீதோ வீட்டின் மீதோ பனி பொழிவதுபோல் மெல்ல இறங்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் தோன்றிய இது, இன்று கிறிஸ்துமஸ் பரிசாகவும் பயண நினைவுப்பொருளாகவும் விற்கப்படுகிறது. இதைச் சேகரிப்போர் பல நாடுகளில் உள்ளனர்.

வரலாறு

1878ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில், குடை பிடித்த மனிதனின் உருவத்தை உள்ளே கொண்ட நீர் நிரம்பிய கண்ணாடித் தாள்பாரங்கள் வைக்கப்பட்டிருந்தன. பனிக்கோளம் பற்றிய தொடக்ககாலப் பதிவுகளுள் இது ஒன்று. 1889 கண்காட்சியின்போது ஈஃபிள் கோபுரத்தைக் கொண்ட சிறு கோளங்கள் நினைவுப்பொருளாக வந்தன.

இன்றைய தொழிலின் மூலவேர் வியன்னாவில் உள்ளது. அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்துவந்த எர்வின் பெர்ட்ஸி, 1900ஆம் ஆண்டுவாக்கில் மின்விளக்கின் ஒளியைக் கூட்ட முயன்றார். மெழுகுவத்திக்கு முன்னால் நீர் நிரம்பிய கண்ணாடிக் குடுவையை வைத்து ஒளியைக் குவிக்கும் செருப்புத் தைப்போரின் பழைய உத்தியே அவருக்கு வழிகாட்டியது. ஒளியைச் சிதறவைக்க அவர் நீரில் இட்ட பொருள்களில் ரவையும் ஒன்று. ரவை நீரை உறிஞ்சி மெதுவாகக் கீழே இறங்கியது. விளக்கு முயற்சி கைகூடவில்லை. ஆனால் அந்தக் காட்சி பனிப்பொழிவை ஒத்திருந்ததால், ஆஸ்திரியாவின் புகழ்பெற்ற யாத்திரைத் தலமான மரியாட்ஸெல் பேராலயத்தின் சிறு வடிவத்தை உள்ளே வைத்து ஒரு கோளம் செய்தார். பின்னர் அதற்குக் காப்புரிமை பெற்றுத் சகோதரரோடு பட்டறை தொடங்கினார். வியன்னாவின் ஹெர்னால்ஸ் பகுதியில் அவர் குடும்பத்தார் இன்றும் இத்தொழிலை நடத்துகின்றனர். அங்கு ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

தொடக்கத்தில் கோளங்களுக்குள் பெரும்பாலும் தேவாலயங்களே இடம்பெற்றன. இரண்டாம் உலகப்போருக்குப் பின், பெர்ட்ஸி குடும்பத்தின் இரண்டாம் தலைமுறை கிறிஸ்துமஸ் மரம், சாண்டா கிளாஸ், பனிமனிதன் ஆகிய உருவங்களைச் சேர்த்தது. வழிபாட்டுத் தல நினைவுப்பொருளாக இருந்த கோளம் இவ்வாறு குளிர்காலப் பண்டிகைப் பொருளாகவும் ஆனது.

அமெரிக்காவில் ஜோசப் கராஜா என்பவர் 1920களின் இறுதியில் இத்தகைய கோளத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1941இல் வெளியான 'சிட்டிசன் கேன்' திரைப்படத்தின் தொடக்கத்தில், இறக்கும் நாயகனின் கையிலிருந்து பனிக்கோளம் விழுந்து உடையும் காட்சி இப்பொருளைத் திரையுலகில் அழியாப் படிமமாக்கியது. 1950களில் ஜெர்மனியிலும் ஹாங்காங்கிலும் பிளாஸ்டிக் வார்ப்பில் குவிமாட வடிவக் கோளங்கள் மலிவாகத் தயாராயின. சுற்றுலாத் தலங்களின் கடைகள்தோறும் இவை பரவின.

அமைப்பும் செயல்முறையும்

கோளம், நீர்மம், துகள், உருவம், பீடம் ஆகிய ஐந்தும் இதன் உறுப்புகள். நீர் நிரம்பிய கோளம் உருப்பெருக்கும் வில்லையாகச் செயல்படுவதால், உள்ளிருக்கும் உருவம் உண்மை அளவைவிடப் பெரிதாகத் தெரியும்.

துகள் எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது அதன் அளவையும், அதற்கும் நீர்மத்துக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டையும், நீர்மத்தின் பாகுத்தன்மையையும் பொறுத்தது. கிளிசரின் சேர்த்தால் பாகுத்தன்மை கூடி வீழ்ச்சி மெதுவாகும். எலும்புத்தூள், பீங்கான் பொடி, மணல், மெழுகு எனப் பலவும் முன்பு பனியாகப் பயன்பட்டன. இப்போது பிளாஸ்டிக் துகள்களே மிகுதி. பீடம் மரத்தாலோ பீங்கானாலோ பிளாஸ்டிக்காலோ ஆனது. சிலவற்றில் சாவி கொடுத்து இயக்கும் இசைப்பெட்டி பொருத்தப்பட்டிருக்கும்.

சேகரிப்பு

சேகரிப்போர் ஊர், கருப்பொருள், தயாரிப்பாளர், காலம் ஆகியவற்றின் அடிப்படையில் கோளங்களை வகைப்படுத்துகின்றனர். நீர்மட்டம் குறையாமை, நீரின் தெளிவு, வண்ணம் உரியாத உருவம், விரிசலற்ற பீடம், தயாரிப்பாளர் முத்திரை, அசல் பெட்டி ஆகியவை மதிப்பை உயர்த்தும். நாளடைவில் நீர் சிறிது சிறிதாக ஆவியாகி, மேலே காற்றுக்குமிழி தோன்றுவது பழைய பிளாஸ்டிக் கோளங்களில் இயல்பு. அடைப்பைத் திறந்து நீரை மாற்றினால் வண்ணம் கெடக்கூடும், அசல்தன்மையும் குறையும்.

பராமரிப்பு

நேரடி வெயில் வண்ணத்தை மங்கச்செய்து பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கும். மேலும், கண்ணாடிக் கோளம் சூரியக்கதிர்களைக் குவித்து அருகிலுள்ள துணியையோ தாளையோ பற்றவைக்கக்கூடும். கடுங்குளிரில் நீர் உறைந்து விரிவடைந்தால் கோளம் வெடிக்கும். உறையாமலிருக்க எத்திலீன் கிளைக்கால் சேர்க்கப்பட்ட கோளங்கள் உடைந்தால், அந்த நீர்மம் குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் நஞ்சாகும். விமானக் கைப்பையில் எடுத்துச் செல்லும்போது உள்ளிருக்கும் நீருக்கும் திரவக் கட்டுப்பாடு பொருந்தும் என்பதால், பெரிய கோளங்களைப் பொதுவாகப் பதிவுச் சுமையில்தான் அனுப்ப வேண்டும்.