தனியார் நிலத்தில் பொது மரம்: ஜெர்மானிய ‘இயற்கை நினைவுச்சின்னம்’ பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒருவர் தம் பணத்தைக் கொடுத்து நிலம் வாங்குகிறார். அந்நிலத்தில் முந்நூறு ஆண்டு வயதுடைய மரமொன்று நிற்கிறது. பத்திரத்தின்படி மண்ணும் மரமும் அவருக்கே உரியவை. ஆயினும் அம்மரத்தை வெட்டலாகாது என்று அரசு ஆணையிடுமாயின் அவ்வாணைக்கு அடிப்படை யாது? மரத்தை நடாதவர் அதன் முடிவைத் தீர்மானிக்க முழு உரிமை பெற்றவரா? அதன் நிழலில் அமர்ந்தது தவிர வேறொன்றும் செய்யாத ஊராருக்கு அதில் பங்கு உண்டெனில், அதைக் காக்கும் செலவிலும் அவர்களுக்குப் பங்கில்லையா? இவ்வினாக்களுக்குச் சட்ட வடிவில் விடைகாண நெடுங்காலம் முயன்ற நாடுகளுள் ஜெர்மனி குறிப்பிடத்தக்கது. ‘இயற்கை நினைவுச்சின்னம்’ என்னும் கருத்து அங்கு எவ்வாறு தோன்றியது, எவ்வாறு சட்டமாயிற்று, எங்கே சறுக்கியது, எவ்வாறு திருத்தம் பெற்றது என்பவற்றை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

வெட்டிய மரமும் நட்ட மரமும்

ஜெர்மானியத் திருச்சபை வரலாற்றைக் கற்போர் முதலில் சந்திப்பது வெட்டப்பட்ட ஒரு மரத்தையே. கி.பி. 723 அல்லது 724ஆம் ஆண்டளவில், ஹெஸ்ஸே பகுதியிலுள்ள கைஸ்மார் என்னுமிடத்தில், டோனார் என்னும் இடித் தெய்வத்திற்குரியதாக மக்கள் போற்றிய கர்வாலி மரத்தை மிஷனெரி போனிபேஸ் வெட்டி வீழ்த்தினார். அதன் மரத்தைக் கொண்டே பேதுருவின் பெயரால் ஒரு சிற்றாலயம் எழுப்பினார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய வில்லிபால்டு கூறுகிறார். அம்மரத்தின் மேன்மை அதில் உறைவதாகக் கருதப்பட்ட தெய்வத்தினின்று வந்தது. தெய்வம் மறுக்கப்பட்டபோது மரத்திற்கும் காவல் இல்லாமற் போயிற்று.

சீர்திருத்தத் திருச்சபையின் நினைவில் நிற்பது வேறொரு கர்வாலி மரம். 1520 டிசம்பர் 10ஆம் நாள் மார்ட்டின் லூத்தர் போப்பின் ஆணையை எரித்த இடத்தில், விட்டன்பெர்க் நகரில், அது நின்றது. நெப்போலியப் போர்களின்போது 1813இல் அது வெட்டப்பட்டது. ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் முந்நூறாம் ஆண்டான 1830இல் அதே இடத்தில் வேறொரு கன்று நடப்பட்டது. லூத்தர் பிறந்த நானூறாம் ஆண்டான 1883இலும் பல ஊர்களில் அவர் பெயரால் கர்வாலிக் கன்றுகள் நடப்பட்டன. இங்கு மரம் வணக்கத்துக்குரிய பொருளன்று, நினைவுக்குரிய பொருள். பிற்காலச் சட்டம் தன் அடித்தளமாகக் கொண்டது இம்மாற்றத்தையே எனலாம்.

ஹம்போல்ட் கண்ட தூங்குமூஞ்சி மரம்

‘இயற்கையின் நினைவுச்சின்னம்’ என்னும் சொற்றொடரை அறிவுலகில் பரப்பியவர் பெர்லினில் பிறந்த அறிஞர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். 1800ஆம் ஆண்டு வெனிசுவேலாவின் அரகுவா பள்ளத்தாக்கில், துர்மெரோ என்னும் ஊருக்கருகே, அவர் ஒரு பெருமரத்தைக் கண்டார். அது நம் நாட்டுச் சாலையோரங்களில் தூங்குமூஞ்சி மரம் என்று வழங்கப்படும் இனத்தைச் சேர்ந்தது. அதன் குடை போன்ற முடியின் சுற்றளவு 576 அடி என்று அவர் பதிவு செய்தார். அம்மரத்தின் ஒரு கிளையை ஒரு விவசாயி வெட்டியதாகவும், மரத்துக்கு உரியவர் அவர்மீது வழக்குத் தொடுத்ததாகவும், நீதிமன்றம் விவசாயியைக் குற்றவாளியெனத் தீர்த்ததாகவும் கேள்வியுற்று அவர் மகிழ்ந்தார். கலைச் சின்னங்கள் இல்லாத நாடுகளில் முதிர்ந்த மரங்களே நினைவுச்சின்னங்களாக மதிக்கப்படுகின்றன என்பது அவர் கருத்து.

இந்நிகழ்ச்சியில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. இங்கு மரத்தைக் காத்தவர் அதன் உரிமையாளரே. சொத்துரிமையே மரத்திற்கு அரணாயிற்று. உரிமையாளரே கோடரியை எடுத்தால் என்ன செய்வது என்னும் வினா ஹம்போல்ட்டின் காலத்தில் எழவில்லை. அது ஒரு நூற்றாண்டுக்குப்பின் எழுந்தது.

பட்டியலும் நல்லெண்ணமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இருப்புப்பாதைகளும் தொழிற்சாலைகளும் ஒரே சீரான வணிகக் காடுகளும் ஜெர்மானிய நிலத்தின் தோற்றத்தை விரைவாக மாற்றின. 1898இல் பிரஷ்யச் சட்டமன்றத்தில் வில்ஹெல்ம் வெட்டேகாம்ப் என்னும் உறுப்பினர் இயற்கை நினைவுச்சின்னங்களைக் காக்குமாறு அரசை வேண்டினார். 1902இல் ஹெஸ்ஸே பெருங்கோமகவு இயற்றிய நினைவுச்சின்னச் சட்டம், கட்டடங்களோடு மரங்களும் பாறைகளும் போன்றவற்றையும் பாதுகாப்புக்குரியனவாகக் கண்டது.

இம்முயற்சிக்கு முறையான வடிவம் தந்தவர் தாவரவியலாளர் ஹூகோ கொன்வென்ட்ஸ். இன்று போலந்து நாட்டிலுள்ள டான்சிக் நகரின் அருங்காட்சியக இயக்குநராயிருந்த அவர், மேற்குப் பிரஷ்யாவின் குறிப்பிடத்தக்க மரங்களைத் தொகுத்து 1900இல் ஒரு கையேடு வெளியிட்டார். 1904இல் அவர் அரசுக்கு அளித்த விரிவான அறிக்கையின் பயனாக 1906இல் பிரஷ்ய அரசு இயற்கை நினைவுச்சின்னங்களுக்கென ஓர் அலுவலகத்தை நிறுவி, அவரையே அதன் தலைவராக்கியது. பட்டியலிடுதல், நிலப்படத்தில் குறித்தல், களத்தில் அடையாளமிட்டுக் காத்தல் என்பவை அவருடைய வழிமுறைகள். சட்டத்தின் கட்டாயத்தைவிட உரிமையாளரின் நல்லெண்ணத்தையே அவர் பெரிதும் நம்பினார்.

இதனைக் குறைகூறியவர்களும் உண்டு. எழுத்தாளர் ஹெர்மன் லோன்ஸ், நாட்டின் இயற்கை மொத்தமாக அழிக்கப்படுகையில் இங்கொரு மரமும் அங்கொரு பாறையுமாகக் காப்பது சில்லறை வேலையே என்று எள்ளி எழுதினார். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும், ஒரு மரத்தைப் பெயரிட்டுக் காக்கக் கற்றிராத மக்கள் ஒரு காட்டைக் காப்பர் என்பதற்கும் உறுதியில்லை.

சட்டமும் அதன் சறுக்கலும்

1919ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பு இரு கோட்பாடுகளை நாட்டியது. கலை, வரலாறு, இயற்கை ஆகியவற்றின் நினைவுச்சின்னங்கள் அரசின் காவலுக்குரியவை என்று அதன் 150ஆம் பிரிவு கூறியது. சொத்துரிமைக்கு உறுதியளித்த 153ஆம் பிரிவு, சொத்து கடமையையும் உடன் கொணர்கிறது என்றும், அதன் பயன்பாடு பொதுநலனுக்கும் உதவவேண்டும் என்றும் கூறியது. ஆயினும் நாடு முழுமைக்குமான இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தை அக்குடியரசு தன் வாழ்நாளில் நிறைவேற்றவில்லை. அதனை 1935 ஜூன் 26ஆம் நாள் நிறைவேற்றியது ஹிட்லரின் ஆட்சி.

அச்சட்டத்தின்படி ஒரு மரம் ‘இயற்கை நினைவுச்சின்னப் பதிவேட்டில்’ ஏறியதும் அதனை அகற்றுவதும் சிதைப்பதும் குற்றமாயின. மரம் தனியார் நிலத்தில் நின்றாலும் விதி ஒன்றே. 24ஆம் பிரிவு, இச்சட்டப்படி எடுக்கப்படும் நடவடிக்கைகளுக்கு எவரும் இழப்பீடு கோர இயலாது என்று அறுதியிட்டது. பல்லாண்டுகள் காத்திருந்த இயற்கை ஆர்வலர்களுள் மிகப் பலர் இதனை மகிழ்ச்சியுடன் வரவேற்றனர். தாங்கள் விரும்பிய சட்டம் எவர் கையினின்று வருகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

அதற்கான விடை வைமார் நகருக்கருகிலுள்ள எட்டர்ஸ்பெர்க் குன்றில் கிடைத்தது. 1937 ஜூலையில் அங்கே காட்டை அழித்து ஒரு வதைமுகாம் கட்டப்பட்டது. கவிஞர் கெத்தேயின் நினைவோடு இணைந்த குன்றின் பெயரை முகாமுக்கு இடலாகாது என்று வைமாரின் பண்பாட்டு வட்டத்தார் ஆட்சேபித்தமையால் அதற்குப் புகன்வால்ட் என்று பெயரிடப்பட்டது. முகாமின் நடுவே ஒரு பழைய கர்வாலி மரம் மட்டும் வெட்டப்படாமல் விடப்பட்டது. கைதிகள் அதனைக் கெத்தேயின் மரம் என்றனர். நாடுகடந்து பாரிசில் வாழ்ந்த எழுத்தாளர் யோசப் ரோத், 1939 மே மாதம் தம் மரணத்துக்குச் சற்று முன்னர் எழுதிய கட்டுரையில், மரத்தைக் காக்கும் சட்டம் நிலவும் நாட்டில் மனிதர் படும் பாட்டைக் கசப்போடு சுட்டினார். 1944 ஆகஸ்டு 24ஆம் நாள் விமானத் தாக்குதலில் அம்மரம் எரிந்தது, பின்னர் வெட்டப்பட்டது. அதன் மரத்துண்டில் கைதி புரூனோ ஆபிட்ஸ் இறந்த மனிதனொருவனின் முகத்தைச் செதுக்கினார். அடிக்கட்டை இன்றும் அங்கேயே உள்ளது.

இதனோடு சேர்த்து எண்ணவேண்டிய மற்றொன்றும் உண்டு. 1938 டிசம்பர் 3ஆம் நாள் அதே அரசு பிறப்பித்த ஆணையொன்று, யூதர்கள் தங்கள் தொழில்களையும் நிலங்களையும் காடுகளையும் விற்றுவிடுமாறு கட்டாயப்படுத்த வழிசெய்தது. உரிமையாளர் தம் மரத்தை வெட்டலாகாது என்று கூறிய அரசே, உரிமையாளரை அவருடைய நிலத்தினின்று வேரோடு பிடுங்கியது. ‘பொதுநலன்’ என்னும் சொல்லை அது இரு இடத்தும் கையாண்டது. நாபோத்தின் திராட்சத்தோட்ட வரலாற்றை அறிந்தோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். சொத்துரிமை பேராசையின் கருவியாகலாம். அதிகாரத்தின் முன் எளியவனுக்கு எஞ்சியிருக்கும் வேலியாகவும் இருக்கலாம்.

சுமையைப் பகிர்தல்

போருக்குப்பின் 1949இல் மேற்கு ஜெர்மனி ஏற்ற அடிப்படைச் சட்டம், சொத்து கடமைப்படுத்துகிறது என்னும் வைமார் கோட்பாட்டை மீண்டும் நாட்டியது. அத்துடன், இழப்பீட்டை வகுக்கும் சட்டமின்றிச் சொத்தைப் பறித்தலாகாது என்றும் வரையறுத்தது. இவ்விரண்டிற்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதை நீதிமன்றங்கள் ஆராயவேண்டியதாயிற்று. 1957இல், பழைய பீச் மரத்தொகுதி ஒன்றைப் பற்றிய வழக்கில், வெட்டத் தடைவிதிப்பது சொத்தைப் பறிப்பதாகாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலம் அமைந்துள்ள சூழ்நிலையே அதன்மீது கடமையைச் சுமத்துகிறது என்பது அக்கால நீதிபதிகள் வளர்த்த கோட்பாடு. 1976இல் கூட்டாட்சிக்குரிய புதிய இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

எனினும் கடமைக்கும் எல்லை உண்டு என்பதை அரசியலமைப்பு நீதிமன்றம் 1999இல் உறுதிப்படுத்தியது. அவ்வழக்கு மரத்தைப் பற்றியதன்று. நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட ஒரு மாளிகையைப் பற்றியது. தனக்கு எவ்விதத்திலும் பயன்படாத கட்டடத்தை உரிமையாளர் தம் செலவிலேயே என்றென்றும் காக்கவேண்டும் என்று, நிவாரணத்திற்கு வழிவகுக்காமல் கட்டளையிடுவது அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் கண்டது. இன்று நடைமுறையிலுள்ள கூட்டாட்சிச் சட்டம் தன் 28ஆம் பிரிவில் இயற்கை நினைவுச்சின்னத்தை அழிப்பதையும் சிதைப்பதையும் தடைசெய்கிறது. 68ஆம் பிரிவில், தாங்கவொண்ணாச் சுமை ஏற்படும்போது உரிமையாளருக்கு இழப்பீடு அளிக்கவேண்டும் என்கிறது. 1935இன் சட்டம் மூடிய கதவை இப்பிரிவு திறந்துவைத்திருக்கிறது.

முடிவுரை

முதிர்ந்த மரம் அதன் தற்போதைய உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்வரலாறு ஏற்கிறது. மரத்தின் ஆயுள் பத்திரத்தின் ஆயுளைவிட நீண்டது; அதனை வைத்திருப்பவர் சில காலம் அதைப் பாதுகாக்கும் உக்கிராணக்காரர். ஆனால் இவ்வுண்மையை நிலவுடைமையாளரிடம் எடுத்துரைக்கும் அரசு தானும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டிருக்கவேண்டும். அவருடைய முறையீட்டைக் கேட்கவேண்டும். முறியும் கிளையைத் தாங்குவதற்கும், பட்ட பகுதியை நீக்குவதற்கும், மரம் விழுந்தால் நேரும் இழப்பிற்கும் ஆகும் செலவை அவர் ஒருவர் தலையில் மட்டும் ஏற்றலாகாது. நிழல் பலருக்கும் பொறுப்பு ஒருவருக்கும் என்றால், அவர் மரத்தைப் பகையாகவே காண்பார். பதிவேட்டில் ஏறுமுன் வெட்டிவிடவும் துணிவார்.

திருச்சபைகளும் நிலவுடைமை அமைப்புகளே. ஆலய வளாகங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் பள்ளி வளாகங்களிலும் நிற்கும் பழைய மரங்களின் வயதையும் பெயரையும் பதிவு செய்வதற்கு எந்தச் சட்டத்திற்காகவும் அவை காத்திருக்கவேண்டியதில்லை. கொன்வென்ட்ஸ் தம் பணியைத் தொடங்கியதும் ஒரு பட்டியலோடுதான்.