செவிலியர் பணியின் மனச்சுமையும் பணியிட ஆதரவும்

மருத்துவமனைச் செவிலியரின் பணியில் உடலுழைப்போடு மன உழைப்பும் உண்டு. ஒரு கட்டிலில் மரணத்தைக் கண்டவர், முகம் வாடாமல் அடுத்த கட்டிலுக்கு மருந்து எடுத்துச் செல்ல வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்சைல்டு, 1983இல் வெளியிட்ட நூலில் இத்தகைய உழைப்பை 'உணர்ச்சி உழைப்பு' என்று விளக்கினார். அவர் முதன்மையாக ஆராய்ந்தது விமானப் பணிப்பெண்களை. பின்னர் வந்தோர் இக்கருத்தைச் செவிலியர் பணிக்கும் பொருத்தினர்.

தமிழகத்தில் தொடக்கம்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அங்கு பட்டப்படிப்பும் வந்தது. அதே ஆண்டு வெளியான போர் குழு அறிக்கை, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியரே இருப்பதாகக் கூறியது. ஆள் குறைவு என்றால் ஒருவர் தலையில் பலரின் துயரம் என்று பொருள்.

இலண்டன் ஆய்வு

உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ் 1950களின் இறுதியில் இலண்டன் மருத்துவமனை ஒன்றை ஆராய்ந்தார். நோயாளியிடம் மனம் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக, அங்கு வேலை சிறுசிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒருவர் எல்லா நோயாளிக்கும் ஒரே வேலையைச் செய்தார். இம்முறை அச்சத்தைத் தீர்க்கவில்லை. பணி தரும் மனநிறைவையும் பறித்தது. மாணவியருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே விலகினர்.

அண்மைக் காலம்

தமிழகத்தில் 2015இல் தேர்வு வாரியம் மூலம் சேர்ந்த ஒப்பந்தச் செவிலியரின் தொகுப்பூதியம் அப்போது மாதம் 7,700 ரூபாயாக இருந்தது. பணி நிரந்தரம் கோரி, 2017 நவம்பர் இறுதியில் அவர்கள் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் போராடினர். 2020இல் கொரோனா வார்டுகளில் உறவினர் அருகில் இல்லாத நோயாளிகளுக்குச் செவிலியரே துணையாக நின்றனர். அக்காலத்தில் ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்ட பலரின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடிந்தது.

எது ஆதரவு?

போதிய ஆட்கள், ஓய்வறை, முறையான விடுப்பு, கடிந்துகொள்ளாமல் காது கொடுக்கும் மூத்த செவிலியர் ஆகியவை அடிப்படை ஆதரவுகள். பணி நிலைக்குமா என்ற கவலை இருக்கும்வரை, மன நல ஆலோசனை மட்டும் முழுப் பயன் தராது. இரவுப்பணி முடித்து அண்ணனூர் நிலையத்தில் மின்தொடர்வண்டியிலிருந்து இறங்கும் செவிலியரும் யாரோ ஒருவரின் மரணத்தைக் கண்டு வந்திருக்கலாம். பிறரைத் தேற்றும் அவரைத் தேற்றுவதும் மருத்துவமனையின் கடமையே.