கப்பல் கம்பெனியும் விதைத் தானியமும்

எங்கள் ராதாபுரம் வட்டாரம் பெரும்பாலும் மானம் பார்த்த பூமி. தாமிரபரணியின் வளம் அங்கே எட்டுவதில்லை. ஆகையால் முதல் மழையைக் கண்டதும் விதை முழுவதையும் நிலத்தில் இறைத்துவிடும் வழக்கம் எங்களிடம் இல்லை. "இது போனால் போகட்டும், அது போகலாகாது" என்று சொல்லி, என் பாட்டனார் ஒரு குலுக்கைத் தானியத்தைத் தனியே நிறுத்திவிடுவார். பெரிய கம்பெனிகளின் இயக்குநர் சபைகள் 'இடர் ஏற்பு வரம்பு' என்று இன்று எழுதி வைப்பதும் ஏறக்குறைய இதுவே. எவ்வளவு இழப்புக்குத் துணியலாம், எதை எந்நாளும் பணயம் வைக்கலாகாது என்னும் தீர்மானம் அது. சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களிலுள்ள கம்பெனிகள் இதற்கெனத் தனிக்குழு அமைத்தாக வேண்டுமென்று 2021-இல் செபி விதித்தது.

சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நம் ஜில்லா இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. தூத்துக்குடி அன்று திருநெல்வேலியைச் சேர்ந்தது. அங்கே 1906 அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ. உ. சிதம்பரம் பிள்ளையே அதன் உயிர்நாடி. திட்டமிட்ட மூலதனம் 10 லட்ச ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பகுக்கப்பட்டது.

அந்த 25 ரூபாயை மாணவர்கள் சற்றே கவனிக்க வேண்டும். கப்பல் மூழ்கினாலும் வியாபாரம் நொடித்தாலும், ஒரு பங்கு வாங்கியவனுக்கு நட்டம் அத்தொகையோடு நின்றுவிடும். அதை அறிந்தே அவன் பணம் கொடுத்தான். அதே மாதம் 22-ஆம் நாள் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்திற்று. அங்கே பணயமாகியிருந்தது வைப்புத்தொகை போட்டவர்களின் பணம். துணிந்தவர்கள் கூட்டாளிகள்; இழந்தவர்களோ தம்மை யாரும் கேளாத வைப்பாளர்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். அதனால் ஏழை வைப்பாளர்க்கு என்ன பயன்?

நிற்க. சுதேசிக் கம்பெனி முதலில் வாடகைக் கப்பல்களை ஓட்டியது. எதிரியின் நெருக்கடியால் உடையவர் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிறர் கப்பலை நம்பும் இடர் இவ்வாறு தெரியவே, 'காலியா', 'லாவோ' என்னும் இரண்டு கப்பல்களைச் சொந்தமாக வாங்கினர். 1907-இல் அவை தூத்துக்குடி வந்து சேர்ந்தன. ஓர் இடர் நீங்கியது. பெருந்தொகை இரண்டு கப்பல்களில் முடங்கியதால் வேறோர் இடர் பிறந்தது.

பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. முடிவில் பயணிகளை இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பர். பல கடல்களில் கப்பல் விட்ட அந்தக் கம்பெனிக்குக் கொழும்பு வழியில் நேரும் நட்டம் ஒரு கையிழப்பு. சுதேசிக்கோ அந்த வழியே வாழ்வு. குலுக்கையில் நிறுத்திய தானியம் எதிரியிடம் இருந்தது, நம்மவரிடம் இல்லை.

இவற்றை வியாபார இடர்கள் எனலாம். கம்பெனியின் ஊக்கமெல்லாம் ஒரே மனிதரிடம் குவிந்திருந்ததும், அம்மனிதர் அரசாங்கத்தை எதிர்த்துப் பேசியதும் எந்தக் கணக்கேட்டில் ஏறும்? அவரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அவருக்குக் கப்பலும் விடுதலையும் ஒன்றே. ஆயினும் 25 ரூபாய் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இதற்கும் சேர்த்துத் துணிந்திருப்பார்கள் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. 1908 மார்ச் 12-ஆம் நாள் அவர் கைதானார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் சிறையினின்று வெளிவந்தபோது, சுதேசிக் கொடியோடு கொழும்புக்குச் செல்ல ஒரு கப்பலும் இல்லை.