பட்டிப்பொலவிலிருந்து உலக முடிவு வரை: ஹோர்ட்டன் சமவெளி நடைக்குப் போகுமுன் அறிய வேண்டியவை

இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில், நானுஓயாவுக்கும் ஒஹியவுக்கும் இடையே அது அமைந்திருக்கிறது. இங்கிருந்து ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர் மேலே ஏறினால் ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்கா.

எங்கள் மக்களில் பலருக்கு நீண்ட நடை என்றால் இடப்பெயர்வுதான் நினைவுக்கு வரும். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்த நடை அது. இந்த மலைநடையில் எப்போது புறப்படுவது, எதைக் கொண்டுபோவது, எங்கே திரும்புவது என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டும். வயதானவர்களையும் காயமடைந்தவர்களையும் அழைத்துச் செல்லும் குடும்பங்கள் இன்னும் கவனமாகத் திட்டமிட வேண்டும்.

இடத்தைப் பற்றி

சிங்களத்தில் 'மஹ எலிய' எனப்படும் இந்தச் சமவெளிக்கு, 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயர் சூட்டப்பட்டது. 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2010இல் சிவனொளிபாத மலைக்காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றுடன் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

சமவெளி 2,100 மீற்றருக்கும் மேலான உயரத்தில் கிடக்கிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் தரும் ஊற்றிடம் இதுவே. இந்தப் பக்கத்து மலைகளில் ஊறி மகாவலியில் சேரும் நீர், கடைசியில் திருகோணமலை கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. மூதூர்ப் பக்கத்து வயல்காரருக்கு இது தூரத்து ஊர்க் கதையாக இருக்க முடியாது.

இங்குள்ளவை 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய கடினப் பாறைகள். ஆனாலும் நடைபாதையில் மழைநீர் அரித்த பள்ளங்கள், உருளும் சரளைக் கற்கள், மேலெழுந்த மரவேர்கள் நிறைய உண்டு. ஈரமான நாட்களில் வழுக்கும்.

எப்போது, எப்படிப் போவது

ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்கள் பொருத்தமானவை. மே முதல் ஓகஸ்ட் வரை காற்றும் மழையும் கடுமை. காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு பள்ளத்திலிருந்து மூடுபனி எழுந்து காட்சியை மறைத்துவிடும். ஆகவே விடியும் நேரத்திலேயே நுழைவாயிலில் நிற்பது நல்லது. அதற்கு முதல் நாள் இரவு பட்டிப்பொல, ஒஹிய, நுவரெலியா ஆகிய இடங்களில் ஒன்றில் தங்க வேண்டும். நுவரெலியாவிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர், அம்பேவெல ஊடாகப் பாதை.

வடக்கிலிருந்து புகையிரதத்தில் வருபவர்கள் கொழும்பு வரை போகத் தேவையில்லை. பொல்கஹவெல சந்தியில் இறங்கி, பதுளை செல்லும் வண்டியில் மாறி ஏறலாம். ஆனால் மலையகப் பாதையில் மண்சரிவு அடிக்கடி சேவையை நிறுத்திவிடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. சேவை எந்த நிலையம்வரை நடக்கிறது என்பதைப் புறப்படுமுன் விசாரியுங்கள். பட்டிப்பொலவிலிருந்து மேலே முச்சக்கர வண்டியிலோ வானிலோ போகலாம். திரும்பி வருவதற்கும் சேர்த்தே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள்.

தேசிய அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்கட்டும். நுழைவுச்சீட்டை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் வழங்குகிறது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வரும் உறவினருக்குக் கட்டணம் பல மடங்கு அதிகம். அவர்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நடைபாதை

பழைய வேட்டை விடுதியான ஃபார் இன் அருகே நடை தொடங்குகிறது. சுற்றிவரும் பாதை ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர். சாதாரணமாக மூன்று, நான்கு மணித்தியாலம் எடுக்கும். சின்ன உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்ற வரிசையில் போனால் பனி மூடுமுன் விளிம்பை அடையலாம். உலக முடிவில் நிலம் சுமார் 870 மீற்றர் செங்குத்தாக இறங்குகிறது. பேக்கர் நீர்வீழ்ச்சியின் உயரம் 20 மீற்றர். அதற்கு இறங்கி ஏறும் துண்டுதான் முழங்காலுக்கு மிகவும் சிரமமானது.

விளிம்பில் புகைப்படம் எடுக்கும்போது ஒருபோதும் பின்னோக்கி அடி வைக்காதீர்கள். 2015இல் நெதர்லாந்துப் பயணி ஒருவர் அப்படித்தான் தவறி விழுந்தார். மரத்தில் சிக்கியதால் உயிர் தப்பினார். மற்றவர்களுக்கு அந்த மரம் இருக்கும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

இரவிலும் விடியற்காலையிலும் குளிர் கடுமை. ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழும். யாழ்ப்பாணத்து வெயிலுக்குப் பழகிய உடம்புக்குக் கம்பளிச் சட்டை, காதை மூடும் தொப்பி, மழைக்கோட்டு, வழுக்காத சப்பாத்து ஆகியவை கட்டாயம். பத்து மணிக்குப் பின் வெயில் சுடும் என்பதால் மேற்சட்டையைக் கழற்றி வைக்க ஒரு முதுகுப் பையும் வேண்டும்.

பொலித்தீன் உள்ளே அனுமதி இல்லை, வாயிலில் பைகளைச் சோதிப்பார்கள். ரொட்டியையோ சோற்றையோ வாழையிலையில் கட்டியோ சாப்பாட்டுப் பெட்டியில் வைத்தோ கொண்டுபோங்கள். வாகனத்தருகே வரும் மரைகளுக்கு எதையும் கொடுக்காதீர்கள். பாதையை விட்டு விலகாதீர்கள், இது சிறுத்தை வாழும் காடு. காய்ந்த புல்லில் ஒரு பீடித் துண்டே தீயாகப் பரவும்.

காயமடைந்தவர்களும் முதியவர்களும்

குளிரில் பழைய காயங்கள் நோகும். செல் துண்டு உடலில் உள்ளவர்கள், இருதய நோயாளர், ஆஸ்துமா உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டே புறப்பட வேண்டும். மருந்தைக் கையில் வைத்திருங்கள். செயற்கைக் கால் அணிந்தவர்களுக்கு ஏற்றத்தைவிட ஈரமான இறக்கமே ஆபத்து. ஊன்றுகோலும், தண்டில் அணியும் உறை இன்னொரு சோடியும் தேவை. நடையின் நடுவே ஒருமுறை கழற்றி, தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லோரும் முழுச் சுற்றும் போக வேண்டும் என்பதில்லை. முதலில் சந்திக்கும் சின்ன உலக முடிவைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பலாம். அதுவும் முடியாதவர்கள் வாகனத்திலிருந்தே புல்வெளியையும் மரைகளையும் பார்க்கலாம். எந்த இடத்தில் யார் திரும்புவார், எங்கே காத்திருப்பார் என்பதை முதல் நாள் இரவே பேசி முடிவு செய்யுங்கள். பாதையில் தொலைபேசியை நம்ப முடியாது.

விளிம்பின் கீழே

பனி இல்லாத காலையில் உலக முடிவிலிருந்து கீழே பார்த்தால் தேயிலை தெரியும். அது நொன்பரெயில் தோட்டம். இந்த மலைகளில் தேயிலை நட்டவர்களும் புகையிரதப் பாதை வெட்டியவர்களும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். அவர்களின் சந்ததியினர் 1948இன் சட்டத்தால் குடியுரிமை இழந்தார்கள். 1977இலும் 1983இலும் அடிபட்டு, பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து, பின்னர் அங்கே போரிலும் சிக்கின.

உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி ஒரு பாட்டனோ பாட்டியோ இருந்தால், புறப்படுமுன் அவர்களிடம் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூட வர முடிந்தால் கூட்டிச் செல்லுங்கள். சமவெளிக்கு ஒரு காலைப்பொழுது போதும். மீதி நாளை அந்தத் தோட்டத்தைத் தேடிப் போவதற்கு ஒதுக்கி வையுங்கள்.