ஒரு புலிக்கு ஏன் 500 மான்கள் வேண்டும்?

இந்தியாவில் சுமார் 3,682 புலிகள் இருப்பதாக 2022 கணக்கெடுப்பு சொல்கிறது. இந்த எண் தலைப்புச் செய்தி ஆனது. ஆனா, இத்தனை புலிகளுக்கும் சாப்பாடு போடும் மான்கள் எத்தனை என்ற கேள்வி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

ஒரு புலி வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மானை அடிக்கும். வருஷத்துக்குச் சுமார் 50. அதுக்காக 50 மான்கள் உள்ள காட்டில் ஒரு புலியை விட்டால் போதாது; அடுத்த வருஷம் மானும் இருக்காது, புலியும் இருக்காது. இரை விலங்குகளில் சுமார் 10 சதவீதத்தைத்தான் புலிகள் ஆண்டுதோறும் கொல்கின்றன என்று உல்லாஸ் கரந்த் குழுவினரின் ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படிப் பார்த்தால் ஒரு புலிக்குப் பின்னால் 500 மான்கள் நிற்க வேண்டும். 3,682 புலிகளுக்குக் கணக்குப் போட்டால், சுமார் 18.4 லட்சம். (கடமான், காட்டுமாடு மாதிரி பெரிய இரை கிடைத்தால் இந்த எண்ணிக்கை குறையும்.)

ஏன் இவ்வளவு? எல்லாம் சூரியனிலிருந்து தொடங்குகிறது. செடிகள்மேல் விழும் ஒளியில் சுமார் 1 சதவீதம்தான் உணவாகச் சேர்கிறது. அந்தப் புல்லை மான் தின்றால், பெரும்பகுதி ஓடவும் மூச்சுவிடவும் உடல் சூட்டைக் காக்கவும் செலவாகி வெப்பமாக வெளியேறிவிடும். செரிக்காதது புழுக்கையாகப் போய், கரையானுக்கும் பூஞ்சைக்கும் உணவாகும். சதையாகத் தங்குவது கொஞ்சம்தான். தோராயமாக, ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்கு. புல்லில் 10,000 கலோரி என்றால் மானில் 1,000, புலியில் 100. மண்ணின் சத்துகள் சுழன்று திரும்பி வரும். வெப்பமாகப் போன ஆற்றல் வராது.

இந்தப் பார்வைக்கு அடித்தளம் போட்டவர் அமெரிக்காவின் ரேமண்ட் லிண்ட்மேன். மின்னசோட்டாவின் ஒரு சிறிய ஏரியை ஆராய்ந்தவர், 27 வயது நிறையும் முன்பே இறந்துபோனார். அவரது புகழ்பெற்ற கட்டுரை அதன்பிறகுதான், 1942-ல் வெளியானது.

ஒரு விஷயம்: மேலே வந்த இரண்டு 10 சதவீதமும் ஒன்றல்ல. ஒன்று விலங்குகளின் தலைக்கணக்கு, இன்னொன்று ஆற்றல் கணக்கு.

இந்த வரிசையில் அடிப்படியே சரிந்தால் என்ன ஆகும் என்பதை முதுமலை, பந்திப்பூர் காடுகளில் பார்க்கலாம். அங்கே பரவியிருக்கும் உண்ணிச்செடியும் சூரிய ஒளியைப் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனா அதன் இலை நச்சுத்தன்மை கொண்டது. மான்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. புல் வளர வேண்டிய இடத்தையும் அது பிடித்துக்கொள்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் காடு பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும்.

புலிகள் கணக்கெடுப்பின்போதே வனத்துறை ஊழியர்கள் நேர்கோட்டுப் பாதைகளில் நடந்து, கண்ணில் படும் மான்களையும் கீழே கிடக்கும் புழுக்கைகளையும் எண்ணுகிறார்கள். அடுத்த அறிக்கை வரும்போது அந்தப் பக்கங்களையும் புரட்டிப் பாருங்கள்.