வரி கட்டியவர்களுக்கு மூடியிருந்த கதவு

1939 ஆகஸ்ட் 21. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள அலெக்சாண்டிரியா நகரப் பொது நூலகம். ஐந்து கறுப்பின இளைஞர்கள் ஒவ்வொருவராக உள்ளே சென்று உறுப்பினர் அட்டை கேட்டார்கள். மறுத்தார்கள். ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து, தனித்தனி மேசையில் உட்கார்ந்து அமைதியாக வாசித்தார்கள். போலீஸ் வந்து கைது செய்தது.

1929இல் தொடங்கிய பெருமந்தத்தின் கடைசி ஆண்டுகள் அவை. வேலை இழந்தவர்கள் செய்தித்தாள் பார்க்கவும், புதுத் தொழில் கற்கவும், காசில்லாமல் ஒரு நாளைக் கௌரவமாகக் கழிக்கவும் நூலகத்தைத்தான் நாடினார்கள். முதலில் வேலை இழந்தவர்கள் கறுப்பின மக்கள். நூலகம் அவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது. அவர்கள் வரியும் கட்டினார்கள். ஆனால் கதவு திறக்கவில்லை.

போராட்டத்தைத் திட்டமிட்டவர் சாமுவேல் டக்கர். சட்டக் கல்லூரிக்குப் போகாமலே வழக்கறிஞரான 26 வயது இளைஞர். நகர நிர்வாகம் 1940இல் கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒரு சிறிய நூலகம் கட்டிக் கொடுத்தது. அதன் அட்டையை டக்கர் ஏற்க மறுத்தார். அவர் கேட்டது சலுகை அல்ல, உரிமை.

தோழர்களே, தமிழ்நாட்டில் நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. உங்கள் ஊர் நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது? சேரிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே உறுப்பினர்? இந்த வாரமே போய்க் கேளுங்கள்.