பளபளக்கும் தாளும் ருஷ்ய நாவலும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ள எங்கள் கீழ்பென்னாத்தூரில், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும், பாடப் புத்தகங்களுக்கு அட்டை போடுவதற்காகச் 'சோவியத் நாடு' சஞ்சிகையின் தாளைத் தேடிப் பிள்ளைகள் வீடு வீடாக அலைந்த காலம் ஒன்று இருந்தது. வழவழப்பும் கனமும் கொண்ட அத்தாள் எளிதில் கிழியாது. கோதுமை வயல்களும் விண்வெளி வீரர்களும் வர்ணப் படங்களாக எங்கள் கணக்குப் புத்தகத்தைப் போர்த்திக்கொண்டு ஆண்டு முழுவதும் எங்களோடு வாழ்ந்தன.

சோவியத் தூதரகத்தின் தகவல் பிரிவு வெளியிட்ட அச்சஞ்சிகை பிரசாரத்துக்காகவே நடத்தப்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், இலக்கியத்தையும் படப் பத்திரிகையையும் ஜன்மப் பகைவர்களாகக் கருதும் விமரிசகர்கள் ருஷ்ய இலக்கியத்தின் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1870-இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் அடால்ஃப் மார்க்ஸ் என்ற ஜெர்மானியர் தொடங்கிய 'நீவா', குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து பார்க்கத்தக்க சித்திரங்கள் நிறைந்த வாரப் பத்திரிகை. தஸ்தயேவ்ஸ்கி, துர்கேனிவ் முதலியோரின் நூல் தொகுதிகளை அது சந்தாதாரர்களுக்கு இனாமாக அனுப்பி, தூரத்துச் சிற்றூர் வீடுகளிலும் நூலகங்களை உண்டாக்கியது. டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' 1899-இல் தொடர்கதையாக வெளிவந்தது இந்த நீவாவில்தான். அதிகாரத்தின் கொடுமைக்கு ஆளான டூகோபர் என்னும் சமயப் பிரிவினர் கனடாவுக்குக் குடியேறுவதற்குப் பொருள் வேண்டுமென்பதற்காகவே, எழுத்துக்கு ஊதியம் பெறுவதில்லை என்ற தம் விரதத்தை அம்மகான் தளர்த்திக்கொண்டார். அந்நாவலுக்குச் சித்திரம் தீட்டிய லியோனித் பாஸ்டர்நாக், கவிஞர் போரிஸ் பாஸ்டர்நாக்கின் தந்தை. அதே ஆண்டில் செகாவின் நூல்களுக்கான உரிமையை மார்க்ஸ் 75,000 ரூபிளுக்கு வாங்கினார். கார்க்கியின் 'தாய்' கூட, 1906-07-இல் நியூயார்க்கின் 'ஆப்பிள்டன்' சஞ்சிகையில் ஆங்கில வடிவில்தான் முதலில் அச்சேறியது.

இவ்விரு நாவல்களும் தமிழுக்கு வந்து சேர்ந்த வரலாற்றிலும் சஞ்சிகையின் நிழல் படிந்திருக்கிறது. 'தாய்' நாவலைத் தமிழாக்கிய தொ. மு. சி. ரகுநாதன், பிற்காலத்தில் சோவியத் வெளியீட்டுப் பிரிவிலேயே பல ஆண்டுகள் பணிபுரிந்தவர்; 'புத்துயிர்ப்பு' ரா. கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பில் மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் வாயிலாக வந்தது. கெட்டி அட்டையும் நல்ல கட்டுமானமும் கொண்ட அந்நூல்கள் ஏழை வாசகனும் வாங்கக்கூடிய விலையில் கிடைத்தன. வழவழப்பான தாளைப் பழகிய எங்கள் விரல்கள் அந்தப் புத்தகங்களைத் தொட்டபோது, அவற்றை அந்நியமாக உணரவில்லை என்று நான் மனமார நம்புகிறேன்.

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அத்தாளின் வரவும் நின்றது. என்னிடமுள்ள 'புத்துயிர்ப்பு' பிரதிக்கு அப்போது மிஞ்சியிருந்த கடைசித் தாளைக் கொண்டு அட்டை போட்டேன். மடிப்புகளில் வர்ணம் உதிர்ந்து வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. அதற்குள்ளே நாவலின் நாயகி காத்யூஷா மாஸ்லவா இன்னும் சைபீரியாவுக்கு நடந்துகொண்டிருக்கிறாள்.